படகின் எடை நூறு கேபி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் இருக்கிறது, பார்க்கத்தான் தெரியவில்லை. மீன் வாங்க வருகிறவள் கூடையில் துடிக்கிற மீனைப் பார்ப்பதில்லை. செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறாள், அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள், பிறகு என்னிடம் "புதுசுதானா?" என்று கேட்கிறாள். மீன் அவள் மணிக்கட்டில் வாலை அடித்துக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் சோற்றுக்கு முன்னால் படம். என் மச்சான் இறந்த அன்று துக்கம் கேட்க வந்த ஒருவன், "முகத்துணியைக் கொஞ்சம் விலக்குங்க, வெளிச்சம் பத்தல" என்றான். செத்தவன் சிரிக்கவில்லை என்றுகூட அவனுக்குக் குறை இருந்திருக்கும்.

சாதாரண ஆட்கள் இப்படி இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அரசாங்கமும் இப்படி ஆகிவிட்டால் டீசல் கிடைக்காது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கராங்லோர் துறையில் மானிய டீசல் வாங்க ஒரு சான்றுக் கடிதம் வேண்டும். மானியம் இல்லாத டீசலைப் போட்டுக் கடலுக்குப் போனால், பிடித்த மீன் அவ்வளவையும் எஞ்சினே தின்றுவிடும். முன்பு துறை அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். நான் போய் நின்றால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்.

"உன் படகு அதானே?"

"அதான் பாக்." ஐயா என்பதை நாங்கள் பாக் என்போம்.

முத்திரை குத்துவார். வேலை முடிந்தது. பிறகு அவர் ஓய்வு பெற்றார். அந்த ஜன்னலில் ஏசி வைத்து அடைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஓர் இணையதளம் வந்தது. பெயர் லிஞ்சா. எங்கள் பேச்சில் சுறுசுறுப்பு என்று அர்த்தம்.

லிஞ்சாவுக்கு என் படகின் படம் வேண்டுமாம். படகு முழுதாகத் தெரிய வேண்டும். பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். படம் நூறு கேபிக்கு மேல் போகக் கூடாது.

என் படகின் பெயர் பிந்தாங் பாகி, அதாவது விடிவெள்ளி. எங்கள் கரையில் சாயமில்லாத வெறும் மரமாக யாரும் படகை விடுவதில்லை. எல்லாவற்றிலும் சாயம் உண்டு. என்னுடையதில் கொஞ்சம் அதிகம். முன்மூக்கில் இரண்டு கண்கள். இருபக்கமும் ஒரு பாம்பு, செதில் செதிலாக, தலையிலிருந்து வால்வரை. நடுவில் பூ, மேகம், மசூதிக் கோபுரம், என் மனைவி கேட்டாள் என்பதற்காக ஒரு தையல் மெஷின். மேல்தளத்தில் புலி. அது பூனை மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்களோடு நான் பேசுவதில்லை. இதெல்லாம் அழகுக்கு மட்டுமில்லை. தூரத்தில் வருவது யார் என்று கடலில் தெரிவது சாயத்தை வைத்துத்தான்.

ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் வூலன். நல்ல பெண்தான், எப்போதும் தூக்கம் கெட்டவள் போல இருப்பாள். அவளிடம் படத்தைக் கொடுத்தேன்.

"பாக் வர்ஜான், ரொம்பக் கனமா இருக்கே."

"மரப்படகு கனமாத்தான் இருக்கும்."

"படகு இல்ல பாக், படம். நாலாயிரம் கேபி இருக்கு. லிஞ்சா நூறுதான் வாங்கும்."

"கேபின்னா?"

"படத்தோட எடைன்னு வச்சுக்குங்க."

"படத்தை எவன் தூக்கப்போறான்?"

"மாவட்ட ஆபீஸ் சர்வர்."

"அவனுக்கு என்ன, முதுகு சரியில்லையா?"

வூலன் சிரித்துவிட்டுப் படத்தைச் சுருக்கினாள். நூறுக்குள் வந்தது. படகின் பெயர் சோற்றுப் பருக்கை நசுங்கின மாதிரி ஆகிவிட்டது. அனுப்பினோம். பதில் வந்தது: "அன்புள்ள மீனவரே, படகின் பெயர் தெளிவாக இல்லை. சுறுசுறுப்பான வணக்கங்களுடன், லிஞ்சா."

பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பினோம். "அன்புள்ள மீனவரே, படகு முழுமையாக இல்லை. சுறுசுறுப்பான வணக்கங்களுடன்."

துறைமுனைவரை நடந்துபோய்த் தூரத்திலிருந்து எடுத்தோம். "அன்புள்ள மீனவரே, படத்தில் படகு காணப்படவில்லை. தாங்கள் நலமா?"

"நலமான்னு எதுக்குக் கேக்குது?" என்றேன்.

"மனிதாபிமானத்தோட பதில் சொல்லணும்னு உத்தரவு பாக்."

பிறகு வூலன் எனக்கு விளக்கினாள். வெறும் சுவரைப் படம் எடுத்தால் எடை குறைவாம். ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை. என் படகில் ஒவ்வொரு பூவையும் ஒவ்வொரு செதிலையும் அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதாம்.

"பாம்பு மட்டும் இல்லேன்னா பாதி எடை இறங்கிடும் பாக்."

"தையல் மெஷின்?"

"அது பரவாயில்ல."

இத்தோடு முடியவில்லை. எங்கள் நாட்டில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது, ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தவன் சிவப்புத் துணி முன்னால் நிற்க வேண்டும், இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவன் நீலத் துணி முன்னால். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. லிஞ்சாவைச் செய்தவர்கள் ஆளுக்கான விதிகளை அப்படியே படகுக்கும் ஒட்டிவிட்டார்கள். இரட்டைப்படை ஆண்டில் நீரில் இறங்கிய படகுகளுக்குக் கவலையில்லை. பின்னால் கடலும் வானமும் நீலமாக இருந்தன. என் படகு ஒற்றைப்படை.

வேறு வழியில்லாமல் கல்யாணப் பந்தல் போடுகிற சாவாலிடம் சிவப்புத் துணி கேட்டுப் போனேன்.

"கல்யாணம் யாருக்கு பாக்?"

"படகுக்கு."

"மாப்பிள்ளை?"

"மாவட்ட ஆபீஸ்."

துணியைப் படகின் பின்னால் மூங்கிலில் கட்டினோம். பந்தல் துணி என்பதால் முழுக்க மடிப்பு. காற்றில் புடைத்து ஆடியது. எடை இன்னும் கூடிவிட்டது. ஒவ்வொரு மடிப்புக்கும் எடை உண்டாம்.

எல்லாருக்கும் இதே கதைதான் என்று தெரிந்ததும், மாவட்ட அலுவலகம் எங்களுக்குப் புரியவைக்க ஒரு கூட்டம் போட்டது. ஆளுக்கொரு அட்டைப் பெட்டி: அதில் இலையில் சுருட்டிய சோற்று லெம்பர் ஒன்று, ஒரு வாழைப்பழம், ஒரு குடிதண்ணீர்க் குவளை. பேச வந்தவர் பாக் ஹெர்யாந்தோ, படத்தர நெறிப்படுத்தல் பிரிவின் தலைவர். பாடிக் சட்டை, பளபளக்கிற காலணி. அவருக்குப் பின்னால் அவர் படமே போட்ட பதாகை, ஒரு பாய்மரம் அளவுக்கு. வராத பெரியவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி மரியாதை செலுத்தினார். நான் அதற்குள் லெம்பரை முடித்துவிட்டேன்.

"முதல்ல ஒண்ணத் தெளிவா சொல்லிடறேன்," என்றார். "படகைச் சின்னதாக்கச் சொல்லி நாங்க யாரையும் கேக்கல. உங்க படகு எவ்வளவு பெரிசா வேணா இருக்கட்டும். அது கண்ணுக்குத் தெரியறதுதான் குறையணும்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் அவருடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் நூறு கேபின்னு நீங்க கேக்கலாம். நல்ல கேள்வி. நானும் கேட்டேன். எனக்கு மேல இருக்கறவரும் கேட்டாரு. எங்க யாருக்கும் பதில் தெரியல. தெரியாமலே இத்தனை பேரும் ஒரே மனசா நடைமுறைப்படுத்தறோம் பாருங்க, அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

மறுபடியும் கைதட்டல்.

"சர்வர் சின்னதுங்கறாங்க. ஒத்துக்கறேன். சின்னதுதான். ஆனா அதுக்கு நடந்த தொடக்க விழா பெரிசு. அதை எதிரிகூட மறுக்க முடியாது."

நான் கையைத் தூக்கினேன். "பாக், உங்களுக்குப் பின்னால தொங்குற உங்க படம் எத்தனை கேபி?"

அவர் திரும்பித் தன் முகத்தையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இது துணியில அச்சடிச்சது. இது வேற பட்ஜெட்."

"இன்னொண்ணு. துறை ஆபீஸ் ஜன்னல்ல இருக்கற ஏசிய எடுத்துட்டு ஒரு தடவை எட்டிப் பாத்துடலாமே? படகு அங்கதான் நிக்குது."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "எட்டிப் பார்த்தா நான் பார்த்ததா ஆகும் பாக். லிஞ்சா பார்த்ததா ஆகாது. நாளைக்கு எனக்கு மாற்றல் வரும். என் கண்ணும் என்கூடவே வந்துடும். அப்புறம் உங்க படகை யார் பார்த்ததுன்னு சொல்றது?"

அப்புறம்தான் திட்டத்தை அறிவித்தார். பெயர்: லேசான படகு இயக்கம். படகுகளுக்கெல்லாம் ஒரே சாம்பல் நிறம் அடித்துவிட்டால் பாம்புமில்லை, பூவுமில்லை. பெயரை மட்டும் பெரிதாக எழுதினால் படம் தானாக இளைத்துவிடும். அலுவலகச் சுவருக்கு அடித்து மிஞ்சின சாயம் இலவசம். கடைசியில் அவரே மைக்கைப் பிடித்து ஒரு டாங்டுட் பாட்டுப் பாடினார். அந்தக் குரலுக்கு யாரும் எடை பார்க்கவில்லை.

மறுநாளே சாம்பல் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஆள் என் கூட்டாளி தாக்லான். முப்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் கட்டி நிற்கிற படகு அவனுடையது.

"வெக்கமா இல்லையாடா?" என்றேன்.

"டீசல் இல்லேன்னாத்தான் வெக்கம். உன் பாம்பு உனக்குச் சோறு போடுமா?"

"உன் சாம்பல் போடுமா?"

"போடுது பாரு," என்று கடிதத்தை என் மூக்குக்கு நேராக ஆட்டினான். உண்மைதான். அவனுக்கு உடனே அனுமதி வந்துவிட்டது. அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவன். கொஞ்ச நாளில் எங்கள் துறை, காய்ச்சல்காரர்கள் மருந்துக்கு வரிசையில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. நான் மட்டும் சாய டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் படகில் எது இருக்கலாம் எது கூடாது என்று ஒரு சர்வர் சொல்வதா? அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

சாம்பலுக்கு மாறியவர்களில் முதல் சில பேருக்குத்தான் கடிதம் வந்தது. பிறகு வந்தவர்களுக்கு லிஞ்சா எழுதியது: "அன்புள்ள மீனவரே, இந்தப் படகு ஏற்கனவே பதிவாகியுள்ளது. ஒரே படகை இருவர் சொந்தம் கொண்டாடுவது குற்றம். சுறுசுறுப்பான வணக்கங்களுடன்." பெயரை அது படிக்கவில்லையா என்று வூலனிடம் கேட்டேன். நிறத்தைத்தான் முதலில் பார்க்குமாம், பெயருக்குள் போவதற்குள் களைத்துவிடுமாம்.

அதைவிட மோசம் கடலில். மூடுபனிக் காலை ஒன்றில் தாக்லான் தன் படகென்று நினைத்து, சாம்பல் அடித்த இன்னொருவனான தோஹாவின் படகில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டான். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது உள்ளே சோயாவில் செய்து பொரித்த டெம்பே. அவன் வீட்டில் டெம்பே செய்வதில்லை. அப்போதுதான் தெரிந்தது. கடலும் சாம்பல், வானமும் சாம்பல், படகும் சாம்பல். இரண்டு படகுகள் மோதி ஒன்றின் பக்கப்பலகை பிளந்தது. ஆள் தப்பித்தது பெரும்பாடு. திரும்பி வருகிறது யார் என்று தெரியாமல் பெண்கள் துறையில் நின்று பேர் சொல்லிக் கத்தினார்கள்.

எனக்கு அந்த ஆபத்தெல்லாம் இல்லை. என்னிடம்தான் டீசலே இல்லையே. கணவாய் வரத்து தொடங்கிவிட்டது. பிந்தாங் பாகி கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது. என்னிடம் வேலை செய்கிறவர்களில் மூத்தவன் சர்யோனோ வந்து, உட்காராமல் நின்றான்.

"பாக், வீட்டுல அரிசி இல்ல. இந்த வாரம் எஞ்சின் ஓடலேன்னா நாங்க எல்லாரும் தாக்லான் படகுல ஏறிடுவோம். தப்பா நினைக்காதீங்க."

"போ. எது தாக்லான் படகுன்னு முதல்ல கண்டுபிடி."

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி என் வாசல்தான். ஆட்கள் போய்விட்டால் படகு வெறும் மரம். அதற்குப் பிறகு பாம்பு இருந்தென்ன, போயென்ன.

என் மனைவி ரஸ்மனி மீனைக் கீறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெயிண்ட் அடிக்க மாட்டீங்க."

"மாட்டேன்."

"போர்த்த மாட்டேன்னு சொல்லலையே?"

"எதை?"

"படகைத்தான். காய்ச்சல்காரனுக்குப் போர்த்தற மாதிரி. அந்தச் செவப்புத் துணி சும்மாதானே கெடக்கு."

வூலனிடம் ஓடினேன். அவள் கொட்டாவி விட்டபடி யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தூக்கம் கலைந்தது. "பின்னாடியும் செவப்பு, முன்னாடியும் செவப்பு. ஒண்ணுமே இருக்காது. பாக், இது பறக்கும்!"

சாவால் தன்னிடமிருந்த சிவப்புத் துணி முழுவதையும் கொடுத்தான். ரஸ்மனியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மடிப்பில்லாமல் அதை இஸ்திரி போட்டார்கள். முன்மூக்கிலிருந்து பின்பக்கம்வரை படகை இழுத்துப் போர்த்தினோம். பின்னாலும் அதே துணி. ஒரு வெள்ளைப் பலகையில் பிந்தாங் பாகி என்று எழுதி முன்னால் தொங்கவிட்டோம். வூலன் படம் எடுத்தாள். திரையில் பார்த்தால் சிவப்பு, சிவப்பு, ஒரு பலகை. எடை நூறில் பாதிகூட இல்லை.

லிஞ்சா உடனே பதில் சொன்னது: "அன்புள்ள மீனவரே, வாழ்த்துகள்! இதுவரை வந்த படகுகளில் இதுவே மிகத் தெளிவான படகு. நேரில் சரிபார்த்ததும் கடிதம் வழங்கப்படும். சுறுசுறுப்பான வணக்கங்களுடன்."

நேரில் சரிபார்க்க பாக் ஹெர்யாந்தோவே வந்தார். கூடவே மாலை, கேடயம், படம் எடுக்கிறவன். துறை முழுக்கக் கூடிவிட்டது. நான் துணியை எடுத்துச் சாவாலிடம் திருப்பிக் கொடுத்திருந்தேன்; அவனுக்கு ஒரு கல்யாணம் இருந்தது. பாக் ஹெர்யாந்தோ என் படகில் ஏறினார். கையிலிருந்த செல்போனைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடியும் செல்போனைப் பார்த்தார்.

"பாக், இது வேற படகு."

"இதுதான் படகு. அது துணி."

"லிஞ்சால இருக்கறது செவப்பா, வழுவழுன்னு, ஒழுங்கா இருக்கு. இதுல பாம்பு இருக்கே."

"பாம்பு முதல்லேர்ந்தே இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "படம் சரியா இருக்கு. படகுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. ஒண்ணு பண்ணுங்க, டீசல் போட வரும்போது மட்டும் போர்த்திக்குங்க."

"எஞ்சின் மேல துணியப் போர்த்திட்டு டீசல் ஊத்தவா? பத்திக்காதா?"

"நான் தீயணைப்புத் துறை இல்ல பாக்."

பிறகு என் தோளில் கை போட்டார். படமும் படகும் ஒன்றே என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமாம். கேடயம் எனக்கு, கடிதம் எனக்கு, மாவட்டத்தின் முதல் லேசான படகு என்று பேப்பரில் செய்தி. சர்யோனோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல முடியாதவன் இல்லை நான். மீன் எங்கே கிடைத்தது என்று யார் கேட்டாலும் பொய்தான் சொல்வேன். ஆனால் என் படகைப் பார்த்து, நீ வெறும் துணி என்று எழுதிக்கொடுக்க வேண்டுமா?

"படம் பொய், படகு நிஜம்னு எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடறேன்."

"அப்படி ஒரு பொத்தான் இல்ல பாக். ரெண்டுதான் இருக்கு. 'படகு படத்தோடு பொருந்துகிறது.' அது இல்லேன்னா, 'படகு இல்லை.'"

"அப்ப இல்லைன்னே அமுக்குங்க."

"பாக்!" என்றான் சர்யோனோ.

பாக் ஹெர்யாந்தோ குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசிங்க. அமுக்கினா இந்தப் படகு இல்லாமப் போயிடும்."

"நீங்க யோசிங்க பாக். உங்க கால் எது மேல நிக்குது?"

அவர் குனிந்து பார்த்தார். பளபளக்கிற காலணி இரண்டும் புலியின் நெற்றியில் இருந்தன. ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்தது. வந்தது போய்விட்டது. பொத்தானை அமுக்கிவிட்டார்.

படம் எடுக்கிறவன் கேடயத்தைப் பைக்குள் திரும்ப வைத்தான். அப்போது தாக்லான் ஒரு டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு பலகை வழியாக ஏறி வந்தான். அவன் பின்னால் தோஹா, அவன் கையிலும் ஒரு கேன். இன்னும் சிலர். எல்லாரும் கடிதம் கிடைத்த சாம்பல்காரர்கள். யாரும் கேட்காமலே என் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

"என்னடா இது?"

"நீ வீம்பு புடிச்ச கழுதைன்னு இன்னிக்கும் சொல்வேன்," என்றான் தாக்லான். "ஆனா வெளியில போனா உன் படகு ஒண்ணுதான் தெரியும். நீ முன்னால போ. நாங்க உன்னைப் பாத்துக்கிட்டே வர்றோம். தோஹா வீட்டு டெம்பே எனக்கு ஒத்துக்கல."

"இல்லாத படகை எப்படிடா பாப்பே?"

"கண்ணால."

சர்யோனோ அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டான். பாக் ஹெர்யாந்தோ மட்டும் இன்னும் புலி மேல் நின்று திரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாக் வர்ஜான், ஒரு நிமிஷம். படகு இல்லைங்கறதுக்கும் அத்தாட்சி வேணுமாம். படகு இல்லாத இடத்தோட படம். நூறு கேபிக்குள்ள. கொஞ்சம் படகை நகர்த்துறீங்களா?"

"அதுக்குத்தான் கயிறு அவுக்கறோம். நீங்க இறங்குங்க."

அவர் இறங்கினார். நான் அவருக்கு முதுகைக் காட்டிவிட்டு நடந்துபோய்ச் சுக்கானைப் பிடித்தேன். எஞ்சின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் படகுகள் கிளம்பின. கரையிலிருந்து அவர் குரல் வந்தது: "நூறுக்கு மேல போகுதே! அலை ஜாஸ்தியா இருக்கு! அலை கொஞ்சம் அடங்கட்டும், மறுபடி எடுக்கறேன்!"

வூலனும் வாயில் கைகுவித்துக் கத்தினாள்: "பாக்! அடுத்த மாசம் இருநூறு கேபி ஆக்கப் போறாங்களாம்! அப்ப வாங்க!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருநூறு ஆகட்டும். என் பாம்பின் கழுத்துக்குக்கூட அது போதாது.